பெஸண்ட் அம்மையாரின் பத்திரிகைப் பள்ளி

பத்திரிகைத் தொழிலைச் சர்வகலாசாலையிற் கற்பிக்க இயலுமா என்பது பழைய வழக்கு. காரியாலயங்களில் தலை நரைத்த உபாசிரியர்களைக் கேட்டால், அஃது அச்சுமையிலும் இராக்கண் விழிப்பிலும் வருவதேயன்றி ஏட்டுப் படிப்பில் வருவதன்று என்று தள்ளிவிடுவார்கள். கலாசாலை ஆசிரியர்களோ, வைத்தியத்துக்கும் வக்கீல் தொழிலுக்கும் பாடசாலை வேண்டுமென்றால், ஜனங்களின் அபிப்பிராயத்தை ஆக்கவும் அழிக்கவும் வல்ல தொழிலுக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று திருப்பிக் கேட்பார்கள். நமது பாலாற்றங்கரையில் இவ்வழக்கு வேறொரு வடிவில் நடக்கிறது. வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பள்ளிப் படிப்பை முடித்து, இதழியல் பட்டம் பெறச் சென்னைக்குப் புறப்படுகிற பிள்ளையைப் பார்த்து, இந்தப் படிப்பால் என்னப்பா வரும் என்று தகப்பனார் கேட்கிறார். பிள்ளைக்கும் நேர்விடை தெரிவதில்லை.

இவ்வழக்கிலே இரு திறத்தாரும் மறந்துவிடுகிற சரித்திரம் ஒன்று உண்டு. இந்தியாவில் பத்திரிகைத் தொழிலை ஒரு சர்வகலாசாலையின் பாடமாக முதன் முதல் வைத்தது நம் சென்னையிலேதான், அடையாற்றிலே, 1920-ஆம் ஆண்டிலே. வைத்தவர் டாக்டர் அன்னி பெஸண்ட் அம்மையார். அமெரிக்க தேசத்து மிஸௌரியில் இதற்கெனத் தனிக் கலாசாலை பிறந்தது 1908-இல். நியூயார்க்கில் புலிட்ஸர் விட்டுச்சென்ற பொருளால் கொலம்பியா சர்வகலாசாலையில் அது திறக்கப்பட்டது 1912-இல். லண்டன் சர்வகலாசாலை இத்துறையில் கற்பிக்கத் தொடங்கியது 1919-இல். அதற்கு அடுத்த ஆண்டே அடையாறு! அந்நிய ஆட்சியின் கீழ்க் கிடந்த ஒரு நாட்டில், சர்க்கார் அங்கீகாரமில்லாத ஒரு தேசீய வித்தியாசாலை இதனைத் துணிந்ததென்றால், துணிந்தவரின் வரலாற்றைச் சற்று நின்று பார்ப்பது தகும்.

அம்மையார் 1847-ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று லண்டன் மாநகரில் பிறந்தார். குடும்பத்தின் இரத்தம் பெரும்பாலும் ஐரிஷ் இரத்தம். அதனைச் சொல்லிக்கொள்வதில் அவருக்குக் கடைசிவரை பெருமை. இருபது வயதில் பிராங்க் பெஸண்ட் என்னும் பாதிரியாரை மணந்தார். அம்மணம் நலம் பயக்கவில்லை. அந்நாட்களில் அவர் சிறுகதைகள் எழுதி ஒரு குடும்பப் பத்திரிகைக்கு அனுப்பினார். முதற் கதைக்கு முப்பது ஷில்லிங் வந்தது. தம் கையால் ஈட்டிய முதற் பொருள் என்று அவர் மகிழ்ந்தது சிறிது நேரமே. மணமான பெண்ணின் சம்பாத்தியம் அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி கணவனுக்கே உரியது என்பதை உடனே அறிந்தார். எழுத்துக்குக் கூலி உண்டு, ஆனால் எழுதியவளுக்கு அக்கூலியில் உரிமையில்லை என்னும் பாடமே அம்மையார் பத்திரிகைத் தொழிலில் பெற்ற முதற் பாடம்.

மத விஷயத்தில் ஐயங்கள் முற்றின. ஸிப்ஸே என்னும் சிற்றூரில் கணவரின் கோயிலில் ஒருவருமில்லாத வேளையில் பிரசங்க மேடையேறி, வெற்றுப் பலகைகளை நோக்கிப் பேசிப் பார்த்தார். பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானவரைக் கட்டிப்போட்ட அந்நா முதலில் அசைந்தது அங்கேதான். 1873-இல் கணவரைப் பிரிந்தார். அடுத்த ஆண்டு சார்லஸ் பிராட்லாவின் நாஸ்திக சங்கத்தைச் சேர்ந்து, அவர் நடத்திய நேஷனல் ரிபார்மர் பத்திரிகையில் வாரம் ஒரு கினி சம்பளத்துக்கு அமர்ந்தார். ஏஜாக்ஸ் என்னும் புனைபெயரில் வாரந்தோறும் குறிப்புகள் எழுதினார். இந்தப் பிராட்லாவை நம்மவர் அறிவார்கள். பார்லிமெண்டில் இந்தியாவுக்காக வாதாடியவர், 1889-இல் பம்பாய்க் காங்கிரஸுக்கு வந்தவர். எந்தப் பட்டமும் இல்லாத இருபத்தாறு வயதுப் பெண்ணுக்குப் பேனா பிடிக்கவும், புரூப் திருத்தவும், எதிரியின் வாதத்தை அவனினும் நன்றாக எடுத்துரைத்துப் பின் உடைக்கவும் பயிற்சி கொடுத்தவர் அவரே. நம் நாட்டில் ஜி. சுப்பிரமணிய ஐயர் 1878-இல் நண்பர் ஐவருடன் கூடி ஹிந்துவைத் தொடங்கியதும், எட்டயபுரத்துப் பாரதி 1904-இல் சுதேசமித்திரன் காரியாலயத்தில் அவரிடம் வந்து தந்திகளைத் தமிழாக்கத் தொடங்கியதும் இதே வகைக் குருகுலவாசந்தான்.

1877-இல் அம்மையாரும் பிராட்லாவும் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றிய சிறு பிரசுரம் ஒன்றை வெளியிட்டார்கள். சார்லஸ் நோல்டன் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய பழைய நூல் அது. அதனை விற்ற ஒரு புத்தக வியாபாரி அப்போதுதான் தண்டிக்கப்பட்டிருந்தார். வேண்டுமென்றே அதனை மீண்டும் அச்சிட்டு, விற்கப்போகும் நாளையும் நேரத்தையும் போலீஸாருக்கு முன்கூட்டியே எழுதியனுப்பினார்கள். வழக்கில் அம்மையார் வக்கீல் வைக்கவில்லை. பிரதம நீதிபதியின் முன் தாமே வாதாடினார். ஆறு மாதச் சிறையும் அபராதமும் விதிக்கப்பட்டு, அப்பீலில் சட்ட நுணுக்கம் ஒன்றால் தள்ளுபடியாயின. ஆண்டுக்குச் சில நூறு பிரதிகளே விற்ற நூல் சில மாதங்களில் லட்சத்துக்கு மேல் விற்றது. ஆனால் 1878-இல், இத்தகைய நூலை வெளியிட்ட தாயிடம் பெண் குழந்தை வளர்வது தகாது என்று சொல்லி, நீதிமன்றம் அவருடைய மகளைப் பிரித்துத் தந்தையிடம் கொடுத்துவிட்டது. கறுப்பங்கி அணிந்து நீதிமன்றங்களில் நின்று பழகிய நமக்கு, எத்தனையோ தீர்ப்புகளுக்கிடையே இத்தீர்ப்பு மட்டும் இன்றும் கூசுகிறது. எழுத்துக்குரிய தண்டனை சிறையென்றால் பொறுக்கலாம், குழந்தையென்றால்?

இதே காலத்தில் அவர் லண்டன் சர்வகலாசாலைப் பரீட்சைகளுக்குப் படிக்கலானார். பெண்களுக்குப் பட்டம் தர அச்சர்வகலாசாலை அப்போதுதான் இசைந்திருந்தது. விஞ்ஞானப் பாடங்களில் உயர்ந்த இடம் பெற்றார். எனினும் அவர் பெயரைச் சொன்னால் நன்கொடை நின்றுவிடுமென்று அஞ்சி ஒரு கலாசாலை தன் தேர்ச்சிப் பட்டியலிலிருந்து அவரை விலக்கிவிட்டது. தாவரப் பாட வகுப்பு ஒன்றில் சேர அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. விஞ்ஞானப் பட்டம் அவருக்குக் கிடைக்கவேயில்லை. கலாசாலைக் கதவு தம் முகத்தில் அறையப்பட்ட ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கண்டத்தில் தாமே ஒரு சர்வகலாசாலை சமைத்தார். 1921-இல் காசி ஹிந்து சர்வகலாசாலை அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தபோது, அவர் வயது எழுபத்து நான்கு.

அம்மையாரின் பத்திரிகை வாழ்வில் மிக உயர்ந்த நாட்கள் 1888-ஆம் ஆண்டின் கோடைகாலத்தில் வந்தன. பால்மால் கெஜட் ஆசிரியர் வில்லியம் ஸ்டெட்டுடன் சேர்ந்து, அரைப் பென்னி விலையில் லிங்க் என்னும் வாரத்தாளை அவ்வாண்டுதான் தொடங்கியிருந்தார். (இந்த ஸ்டெட் பின்னர் 1912-இல் டைட்டானிக் கப்பலோடு கடலில் மூழ்கினார்.) ஜூன் 15 அன்று பேபியன் சங்கத்துக் கூட்டம் ஒன்றில் பெண் தொழிலாளரைப் பற்றிப் பேச்சு நடந்தது. கிழக்கு லண்டனில் பிரையண்ட் அண்ட் மே தீக்குச்சிக் கம்பெனி பங்குதாரர்களுக்கு நூற்றுக்கு இருபத்து மூன்று வீதம் லாபம் கொடுத்த சங்கதியும், அங்கு வேலை செய்யும் சிறுமிகளின் கூலியும் அங்கே வெளிவந்தன. கேட்டுக்கொண்டிருந்த அம்மையார் கட்டுரை எழுத வீட்டுக்குப் போகவில்லை. நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனார். வேலை விட்டு வெளிவந்த பெண்களை நிறுத்தி, வாரக் கூலி என்ன, வாடகை என்ன, எதற்கெல்லாம் அபராதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்.

கிடைத்த விவரங்களை அவர் அப்படியே அச்சிட்டார். பதினாறு வயதுப் பெண்ணின் வாரக் கூலி நான்கு ஷில்லிங். அதில் இரண்டு அறை வாடகைக்குப் போகும். கால் அழுக்காயிருந்தால் மூன்று பென்னி அபராதம். இயந்திரத்தில் விரல் சிக்காமற் காத்துக்கொள்ள முயன்று துணியைச் சுற்றவிட்டவளுக்கு ஒரு ஷில்லிங் அபராதம். விரலைப் பாராமல் வேலையைப் பார்த்து விரலை இழந்தவளுக்கு ஓர் உதவியுமில்லை. கிளாட்ஸ்டனுக்குச் சிலை வைப்பதற்கென்று கூலியில் ஒரு ஷில்லிங் பிடித்தார்கள்; சிலை திறந்த நாளில் அரைநாள் கூலியும் போயிற்று. கம்பெனியில் பங்கு வைத்திருந்தவர்களில் பாதிரிமாரும் இருந்தார்கள். அவர்களை அம்மையார் விடவில்லை. ஒரு பாதிரியாரின் மனைவியாக இருந்தவராயிற்றே, எங்கே தொட்டால் வலிக்கும் என்பதை அறியாரா?

ஜூன் 23 அன்று வெளிவந்த அக்கட்டுரைக்கு லண்டனில் வெள்ளை அடிமைத்தனம் என்று பெயர். அச்சிட்ட தாள்களை ஆலை வாசலிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அதில் சொன்னவை பொய்யென்று எழுதிக் கையொப்பமிடும்படி கம்பெனி பெண்களை நெருக்கிற்று. அவர்கள் மறுத்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய 1,400 பெண்கள் வேலையை விட்டு வெளியேறினார்கள். சுமார் இரண்டு வாரத்தில் அபராத முறை ஒழிந்தது, சங்கமும் அமைந்தது. பழைய சரித்திரங்கள் இவ்வேலைநிறுத்தத்தை அம்மையாரின் செயலாகவே எழுதி வந்தன. அண்மைக்கால ஆராய்ச்சி அதைத் திருத்தியிருக்கிறது: வெளியேற வேண்டும் என்பது அப்பெண்களின் சொந்தத் தீர்மானம், அம்மையாருக்கு அது திகைப்பையே தந்தது. இத்திருத்தத்தால் அவர் பெருமை குறைவதாக நாம் நினைக்கவில்லை. வேலைநிறுத்தம் செய்விப்பது பத்திரிகாசிரியரின் வேலையன்று. எண்ணிக்கை தவறாமல் எழுதுவது அவர் வேலை. அதனை அவர் செய்தார். அத்தீக்குச்சிகளின் வெண்பாஸ்பரஸ் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்துத் தின்றது என்பதும், அதனை அக்கம்பெனி 1901-இல்தான் கைவிட்டது என்பதும் பின்கதை.

நமது ஜில்லாப் பிள்ளைகள் இவ்விடத்தில் சற்று நிற்கவேண்டும். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட பழைய நாட்கள் போய், குரோமியம் வந்த பிறகு பாலாற்றுப் படுகையில் நடந்தது என்ன? வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 அன்று சுப்ரீம் கோர்ட்டார் அளித்த தீர்ப்பிலே அது பதிவாகியிருக்கிறது: தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகாததாகிவிட்டது. மாசு செய்தவனே அதற்குரிய விலையைக் கொடுக்கவேண்டும் என்னும் நியாயத்தை இத்தேசத்துச் சட்டமாக்கியது அத்தீர்ப்பு. சட்டம் படிக்கும் மாணவன் எந்த மாகாணத்தில் இருந்தாலும் வேலூர் என்ற பெயரை இவ்வழக்கால் அறிகிறான். ஆனால் அதற்குப் பின் 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டைச் சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சேறு பாய்ந்தது. பத்துப் பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். 2025 ஜனவரி 30 அன்று சுப்ரீம் கோர்ட்டார் மறுபடியும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புக் கூறி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்டஈடு கொடுத்து அதனை மாசு செய்தவர்களிடமிருந்து வசூலிக்கும்படி உத்தரவிட நேர்ந்தது. இரு தீர்ப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ இருபத்தெட்டரை ஆண்டுகள்.

அவ்வாண்டுகளில் பத்திரிகைகள் எழுதவில்லையென்று நாம் சொல்லவில்லை. விபத்து நடந்த மறுநாள் எல்லாரும் எழுதினோம். விபத்து நடக்காத நாட்களில் தோல் ஷாப்பின் வாசலில் நின்று, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்குகிறவனுக்குக் கையுறை உண்டா, கழிவுத் தொட்டிக்குள் விஷவாயு இருக்கிறதா என்று பார்த்தவர் யார், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பூட்ஸின் மேற்தோலைக் கையால் தைக்கும் பெண்ணுக்கு ஜோடிக்கு எவ்வளவு என்று கேட்டவர்கள் எத்தனை பேர்? தோல் வியாபாரமே ஊரின் ஜீவனமாயிருக்கிற இடத்தில், பத்திரிகைக்கு வருகிற விளம்பரமும் பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது. இது ரகசியமன்று. தொழில் நின்றுவிட்டால் பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரியாது என்பதும் உண்மையே. இவ்விரண்டையும் தெரிந்துகொண்டே எழுதவேண்டியிருப்பதால்தான் இது கற்கவேண்டிய தொழிலாகிறது.

அம்மையாரின் கதைக்கு வருவோம். 1889-இல் ஸ்டெட் ஒரு பெருநூலை மதிப்புரைக்காக அவரிடம் கொடுத்தார். பிளாவட்ஸ்கி அம்மையார் எழுதிய தத்துவ நூல் அது. மதிப்புரை எழுதப் புகுந்தவர் நூலாசிரியரின் சிஷ்யையாகிவிட்டார். நாஸ்திக நண்பர்கள் திடுக்கிட்டார்கள். மதிப்புரைக்கு வந்த புத்தகம் ஒருவருடைய வாழ்க்கையையே இவ்விதம் திருப்பியது பத்திரிகை உலகில் அபூர்வம். 1893-ஆம் ஆண்டு நவம்பரில் தூத்துக்குடியில் இறங்கி இந்திய மண்ணை மிதித்தார். 1898-இல் காசியில் மத்திய ஹிந்துக் கலாசாலையைத் தொடங்கினார். மாளவியாஜியின் ஹிந்து சர்வகலாசாலைக்கு அதுவே வித்தாயிற்று. 1907 முதல் பிரம்மஞான சங்கத்தின் தலைவராய் அடையாற்றில் வாழ்ந்தார். அச்சங்கத்தின் சித்தாந்தங்களைப் பற்றி நமக்குச் சொல்ல ஒன்றுமில்லை. நம்பினவர்கள் நம்பினார்கள், பாரதி அதனை எள்ளிப் பொன்வால் நரி என்று ஆங்கிலத்தில் ஒரு கதையே எழுதினார்.

1914-இல் அறுபத்தாறாவது வயதில் மறுபடியும் பத்திரிகை நாற்காலியில் அமர்ந்தார். ஜனவரியில் காமன்வீல் என்ற வாரப் பத்திரிகை பிறந்தது. அவ்வாண்டிலேயே மெட்ராஸ் ஸ்டாண்டர்டு என்ற பழைய தினசரியை விலைக்கு வாங்கி, நியூ இந்தியா என்று பெயர் மாற்றினார். யுத்த காலம். மிதவாதிகள் வேண்டுகோள் வாசகங்களைச் செதுக்கிக்கொண்டிருந்த வேளையில், நியூ இந்தியா சுயாட்சியை இன்றே தருக என்றது. 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டம் பாய்ந்தது. 1916 மே மாதத்தில் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டார்கள், கட்டினார். ஆகஸ்டில் அதனைப் பறிமுதல் செய்து 10,000 ரூபாய் கேட்டார்கள்; அதையும் கட்டினார். ஹைகோர்ட்டுக்குப் போனார், தோற்றார். பிரிவி கௌன்ஸிலுக்குப் போனார், 1919-இல் அங்கும் தோற்றார். இத்தோல்விகளைப் போல அச்சுச் சட்டத்துக்கு அவப்பெயர் தேடித்தந்த வெற்றிகள் வேறில்லை. 1916 செப்டம்பரில் ஹோம்ரூல் லீக்கை நிறுவினார். 1917 ஜூனில் சென்னைக் கவர்னர் பெண்ட்லண்ட் பிரபு, அம்மையாரையும் அருண்டேல், வாடியா என்னும் சகாக்களையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தார். தேசமெங்கும் மூண்ட கிளர்ச்சியால் செப்டம்பரில் விடுதலையாகி, டிசம்பரில் கல்கத்தாக் காங்கிரஸின் தலைமைப் பீடத்தில் ஏறினார். அப்பீடத்தில் அமர்ந்த முதற் பெண்மணி அவரே.

இந்த அலையின் உச்சியில்தான் தேசீயக் கல்வி இயக்கம் எழுந்தது. ரவீந்திரநாதரை வேந்தராகக் கொண்டு அடையாற்றில் தேசீய சர்வகலாசாலை அமைந்தது. 1920-இல் அதன் கலைப் பிரிவில், ஆங்கிலப் பாடத்தின் பகுதியாகப் பத்திரிகைத் தொழிலும் சேர்ந்தது. அதன் விசேஷம் ஏட்டில் இல்லை. விஞ்ஞான மாணாக்கனுக்குப் பரிசோதனைச் சாலை எப்படியோ, அப்படி இம்மாணாக்கர்களுக்கு நியூ இந்தியா காரியாலயம் இருந்தது. பாடம் கேட்டவர்கள் நடக்கிற தினசரி ஒன்றில், நிஜமான செய்திகளின் நடுவே பயிற்சி பெற்றார்கள். மிஸௌரியிலும் மாணாக்கர்களே ஊருக்கு ஒரு தினசரி நடத்தினார்கள். ஆயினும் ஜாமீன் கட்டிப் பறிகொடுத்து, ஆசிரியர் சிறைக்காவல் இருந்து திரும்பிய பத்திரிகையைப் பாடசாலையாகப் பெற்ற மாணாக்கர் உலகில் வேறெங்கும் இருந்தார்களா என்பது சந்தேகம். பிராட்லாவிடம் தாம் பெற்ற குருகுலவாசத்தை அம்மையார் சர்வகலாசாலைக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது. தலை நரைத்த உபாசிரியர் கேட்பதும் கலாசாலை ஆசிரியர் கேட்பதும் அங்கே ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அது நிலைக்கவில்லை. சில ஆண்டுகளே நடந்து நின்றுபோயிற்று. ஏன் என்பதற்கு விடை தேட வெகுதூரம் போகவேண்டுவதில்லை. அதே 1920-இல் காந்தியடிகள் ஒத்துழையாமையைத் தொடங்கினார். சர்க்கார் கலாசாலைகளை விட்டு வெளியேறிய இளைஞர்களைக் குஜராத் வித்தியாபீடமும் ஜாமியா மில்லியாவும் ஏற்றுக்கொண்டன. அம்மையாரோ ஒத்துழையாமையை எதிர்த்துக் காங்கிரஸை விட்டு விலகினார். தேசீயக் கல்வியை நாடிய வாலிபர்கள் ஒரு திசையிலும், தேசீய சர்வகலாசாலை மற்றொரு திசையிலும் நின்றன. சர்க்கார் மதிக்காத பட்டத்தை ஜனங்களும் நாடாவிட்டால் கல்விச்சாலை எப்படிப் பிழைக்கும்?

இந்த விலகல் ஓராண்டு முன்னரே தொடங்கிவிட்டது. அதனை மறைத்து அம்மையாருக்குப் புகழ்மாலை சூட்ட நாம் விரும்பவில்லை. 1919 ஏப்ரலில் ரௌலட் சட்டக் கிளர்ச்சியின்போது, கல்லெறியும் கூட்டத்தைத் துப்பாக்கியால் அடக்குவதே கருணை என்று பொருள்பட நியூ இந்தியாவில் எழுதினார். பஞ்சாபிலிருந்து வரும் செய்திகளைச் சர்க்கார் தணிக்கையால் அடைத்திருந்த சமயம் அது. ஜாலியன்வாலாபாக்கில் ஏப்ரல் 13 அன்று நடந்ததன் முழுக் கொடுமையும் அவர் மேஜைக்கு வந்திருக்கவில்லை. பின்னர் தெரிந்தபோது கண்டித்தார். ஆனால் ஜனங்கள் முதலில் எழுதியதையே நினைவில் வைத்தார்கள். ஒரே நாளில் தேசத்தின் அன்னையாக இருந்தவர் அந்நியராகிவிட்டார். 1888-இல் நேரே ஆலை வாசலுக்குப் போன அதே பெண்மணி, 1919-இல் அடையாற்று ஆலமரத்தடியிலிருந்து டில்லியையும் அமிர்தசரஸையும் பற்றித் தீர்ப்புக் கூறினார். அவருடைய அரசியற் கொள்கையால் அவர் வீழ்ந்தார் என்று பலர் எழுதியிருக்கின்றனர். எங்கள் அபிப்பிராயம் வேறு. அன்று அவரை வீழ்த்தியது நிருபரில்லாத தலையங்கம். பத்திரிகைக் கல்வியைப் போதிக்கும் எவரும் அம்மையாரின் இவ்விரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கமாக வைத்து மாணாக்கர்களுக்குக் காட்டலாம். வேறு புத்தகம் வேண்டியதில்லை.

அடையாற்று வகுப்பு நின்ற பிறகு நெடுநாள் மௌனம். 1938-இல் அலிகார் முஸ்லிம் சர்வகலாசாலை டிப்ளமா வகுப்பொன்றைத் திறந்தது. இரண்டாண்டில் அதுவும் மூடிற்று. 1941-இல் லாகூரில் பஞ்சாப் சர்வகலாசாலையில் பிருதிவி பால் சிங் என்ற ஆசிரியர் தொடங்கிய பிரிவு நிலைத்தது. தேசப் பிரிவினைக்குப் பின் அதனை டில்லிக்குக் கொண்டுவந்து நடத்தினார்கள். இன்று பத்திரிகைக் கல்வி தரும் கலாசாலைகள் எண்ணற்றவை. காமிராவும் கணினியும் வைத்துப் பழக்குகிறார்கள். பிள்ளைகள் தொலைக்காட்சியில் நின்று பேசும் முறையை வெகு சீக்கிரத்தில் கற்றுக்கொள்கிறார்கள். நம் வட்டாரத்துப் பிள்ளைகள் படிப்பை முடித்துச் சென்னையிலேயே தங்கிவிடுவதும், ஊருக்குத் திரும்புகிறவர்கள் சிலரே என்பதும் நமக்குள்ள குறை. குரோமியத்தின் அளவைக் காட்டும் பரிசோதனை அறிக்கையைப் படிக்கத் தெரிந்த, உருதுவும் தமிழும் தெலுங்கும் கலந்த ஆம்பூர்ப் பேச்சை அறிந்த, கூலிச் சீட்டைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நிருபர் இருவர் மூவர் இப்பாலாற்றங்கரைக்கு இருந்தால், சுப்ரீம் கோர்ட்டாருக்கே வேலை குறையும். தகப்பனார்கள் கேட்கும் கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய விடை இவ்வளவே.

அம்மையார் கடைசி நாட்களிலும் எழுத்தையும் அரசியலையும் விடவில்லை. இந்தியர் தம் அரசியலமைப்பைத் தாமே எழுதவேண்டும் என்று முயன்று சமைத்த இந்தியக் காமன்வெல்த் மசோதாவை, 1925-இல் தொழிற்கட்சியைச் சேர்ந்த லான்ஸ்பரி பார்லிமெண்டில் கொண்டுவந்தார். அது முதற் படியிலேயே நின்றுவிட்டது. மூப்பினால் உடல் தளர்ந்து, ஞாபகமும் மெல்ல மங்க, 1933-ஆம் ஆண்டு செப்டம்பர் 20 அன்று அடையாற்றில் எண்பத்தைந்தாவது வயதில் காலமானார். அங்கேயே தகனம் நடந்தது. சென்னை சர்வகலாசாலை பத்திரிகைத் தொழிலைக் கற்பிக்கத் தொடங்கியது அதற்குப் பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1947-இல்.